பெயின்ட் அடித்தால் பராமரிப்பு ஆகிவிடுமா?

தொண்ணூறுகளில் அரக்கோணம் சுற்றுவட்டாரத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள் யாரைக் கேட்டாலும் அந்தச் சத்தத்தைச் சொல்வார்கள். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து கிளம்பும் டியூ-142, கடலுக்கு மேலே ரோந்து போகும் விமானம். அது வந்தால் கணக்கு வாத்தியார் சாக்பீஸைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்பார், அது போன பிறகுதான் அடுத்த வரி. வீட்டில் அலமாரியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுவென்று ஆடும். நான்கு இன்ஜின், ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னுமாக இரண்டு புரொப்பெல்லர், ஒன்று இந்தப் பக்கம் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம், ஒரு இன்ஜினுக்கே சுமார் 15,000 குதிரைத்திறன். இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்கு அது வெறும் "பெரிய பிளேன்".

1988ல் சோவியத் யூனியனிலிருந்து 8 விமானங்கள் வந்தன. முதலில் கோவாவில் இருந்தன, 1992ல் அரக்கோணம் தளம் திறந்ததும் இங்கே வந்துவிட்டன. 2017 மார்ச் 29ஆம் தேதி ஓய்வு. 29 வருடங்கள், சுமார் 30,000 மணி நேரம், ஒரு விபத்துகூடக் கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தை நான் யாரிடம் சொன்னாலும் "ஓ, அப்படியா" என்று விட்டுவிடுகிறார்கள். கடலுக்கு மேலே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பறக்கிற ஒரு விமானம், ஒவ்வொரு தடவையும் உப்பு ஈரத்தோடு திரும்பி வருகிறது, அதைக் கழுவித் துடைத்து, கழற்றிப் பார்த்து, மறுபடி அனுப்பியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர்கள் யாருடைய பெயரும் நமக்குத் தெரியாது.

அதில் ஒன்று இப்போது விசாகப்பட்டினத்தில் ராமகிருஷ்ணா பீச் ஓரம் மியூசியமாக நிற்கிறது. அந்த ஊர் வரைக்கும் பறந்தே போய், அங்கே பிரிக்கப்பட்டு, துண்டு துண்டாகக் கடற்கரைக்கு வந்து மறுபடி சேர்க்கப்பட்டது. 2017 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்து வைத்தார். போன வருஷம் குடும்பத்தோடு போயிருந்தோம். பிள்ளைகளுக்கு எதிரே இருக்கிற குர்சுரா நீர்மூழ்கிதான் பிடித்தது, அது நியாயம்தான், உள்ளே நுழைந்து குனிந்து குனிந்து போகலாமே. நான் விமானத்தின் வயிற்றுக்குக் கீழேயே ஒரு மணி நேரம் நின்றேன். "என்னங்க, கோயில் பிரகாரம் மாதிரி சுத்திச் சுத்தி வர்றீங்க?" என்றாள் மனைவி. கிட்டத்தட்ட 50 மீட்டர் இறக்கை, சுற்றி வர நேரமாகும்தானே.

ஆனால் நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது ரிவெட்டுகளை, தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற ஆணிகளை. பழைய விமானம் எங்கே நின்றாலும் என் கண் முதலில் போவது அங்கேதான், இது ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது. இரும்பு துருப்பிடித்தால் செக்கச்செவேலென்று ஊருக்கே தெரியும். அலுமினியக் கலவை அப்படி இல்லை, சத்தமில்லாமல் வெள்ளை மாவாகப் போகும். பெயின்டுக்கு அடியில் அப்பளம் மாதிரி சின்னதாக உப்பும், விரலால் அழுத்தினால் பொருபொருவென்று உதிரும். முற்றிப்போனால் உலோகமே பேக்கரி பப்ஸ் மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து வரும். ஒரு எஃகு போல்ட்டும் அலுமினியத் தகடும் தொடுகிற இடத்தில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் போதும், அது ஒரு குட்டி பேட்டரி, அலுமினியம் கரைந்துகொண்டே இருக்கும். பறந்துகொண்டிருந்த காலத்தில் இதையெல்லாம் பார்க்க ஒரு அட்டவணை இருந்தது, கையெழுத்துப் போட ஒருவர் இருந்தார். நிறுத்திவிட்ட பிறகு? ரோட்டுக்கு அந்தப் பக்கம் வங்காள விரிகுடா. அந்தக் காற்றுக்கு லீவே கிடையாது.

நம் ஊரில் இதற்கு ஒரே வைத்தியம்தான் தெரியும், பெயின்ட். குடியரசு தினத்துக்கு முன்னால் ஒரு கோட், அடுத்த குடியரசு தினத்துக்கு இன்னொரு கோட். அடியில் இருப்பதைச் சுரண்டி எடுக்காமல் மேலே அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிய மாதிரிதான்.

சரி, புலம்பல் போதும், எனக்கு மிகவும் பிடித்த கதைக்கு வருகிறேன். லிபரேட்டர்.

பி-24 லிபரேட்டர் இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம், 18,000க்கு மேல் கட்டினார்கள். இந்தியாவில் பிரிட்டிஷ் விமானப்படையிடம் நிறைய இருந்தன. எல்லாம் அமெரிக்கா இரவலாகக் கொடுத்தவை, போர் முடிந்தால் திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் அழிக்க வேண்டும். அழிப்பது என்று முடிவாகி, கான்பூரில் சகேரி மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இன்ஜினுக்குள் மண்ணைக் கொட்டினார்கள், புல்டோசரை விட்டு இடித்தார்கள் என்றெல்லாம் சொல்வார்கள். சுதந்திரம் வந்ததும் புதிய இந்திய விமானப்படைக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் வேண்டும், வாங்கக் காசு இல்லை. பெங்களூர் விமானத் தொழிற்சாலையான ஹெச்.ஏ.எல். ஆட்கள் 1948ல் கான்பூர் போய், அந்தக் குப்பைக்கு நடுவே உட்கார்ந்து, ஒன்றில் இருந்ததை இன்னொன்றில் மாட்டி, பெங்களூர் வரை பறக்கிற அளவுக்குத் தேற்றினார்கள். ஒன்றிரண்டு இல்லை, சுமார் 40 விமானங்கள்! பெங்களூரில் முழுதாகச் சீர்செய்து கொடுத்ததும் விமானப்படை அவற்றை 1968 வரைக்கும் ஓட்டியது.

இது எப்படிச் சாத்தியமானது என்று எனக்கு ஒரு யூகம் உண்டு. லிபரேட்டரில் இருப்பதும் டகோட்டா என்கிற போக்குவரத்து விமானத்தில் இருப்பதும் ஒரே குடும்பத்து இன்ஜின்தான், பிராட் அண்ட் விட்னியின் 14 சிலிண்டர் ட்வின் வாஸ்ப். போர்க்காலத்தில் ஹெச்.ஏ.எல். அமெரிக்க விமானங்களுக்கான பணிமனையாகவே இருந்தது. அந்த இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டத் தெரிந்த ஆட்கள் அங்கே இருந்திருப்பார்கள். ஸ்பேர் பார்ட்ஸைவிட அதுதான் பெரிய சொத்து.

இதற்கு இன்னொரு பாதி இருக்கிறது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் நின்ற லிபரேட்டர்களை உருக்கிப் பாத்திரம் பண்டமாக்கிவிட்டு, இருபது வருடம் கழித்து "ஐயோ, ஒன்றாவது வைத்திருக்கலாமே" என்று தேடியபோது, ஓடுகிற நிலையில் இருந்தவை நம்மிடம். கனடா 1968ல் ஒன்றை வாங்கிக்கொண்டு பதிலுக்கு லைசாண்டர் என்கிற பழைய பிரிட்டிஷ் விமானம் ஒன்றைக் கொடுத்தது. அந்த லைசாண்டர் டெல்லி பாலம் மியூசியத்துக்கு வந்தது. அரிசோனாவின் பீமா மியூசியத்துக்கு ஒன்று 1969ல் இங்கிருந்து பறந்தே போனது. பிரிட்டிஷ் விமானப்படை மியூசியத்துக்கு ஒன்று 1974ல். இன்னொன்று 80களில் இங்கிலாந்து வழியாக அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளையிடம் போய், பல வருஷ வேலைக்குப் பிறகு 1989ல் மறுபடி பறந்தது. ஊர் ஊராகப் போய், டிக்கெட் வாங்கியவர்களை ஏற்றிக்கொண்டு பறந்தது. கான்பூரில் இடித்துத் தள்ளியது ஃப்ளோரிடா வானத்தில்! இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் குரல் உயர்ந்துவிடும், வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

இவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று நம் விமானப்படை நினைத்து வைத்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தேவை இருந்தது, ஓட்டினார்கள், ஓட்டியதால் பார்த்துக்கொண்டார்கள், அதனால் பிழைத்தன.

அப்படியானால் எல்லாப் பழைய விமானங்களையும் பறக்க விட வேண்டுமா? முன்பெல்லாம் யோசிக்காமல் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். 2019 அக்டோபர் 2ஆம் தேதி அதே காலிங்ஸ் அறக்கட்டளையின் பி-17 குண்டுவீச்சு விமானம் ஒன்று கனெக்டிகட்டில் விழுந்து, உள்ளே இருந்த 13 பேரில் 7 பேர் இறந்தார்கள். இன்ஜின் சக்தி இழந்ததற்குச் சரியில்லாத பராமரிப்பும் காரணம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. 75 வருஷப் பழைய விமானத்தைப் பார்க்க ஆசையோடு வந்து, காசு கொடுத்து ஏறியவர்கள். அந்த அறிக்கையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பறக்க விடுவதென்றால் பறக்கிற விமானத்துக்குச் செய்கிற அத்தனையையும் செய்ய வேண்டும், ஆர்வத்துக்கு அதில் தள்ளுபடி கிடையாது.

நம்மிடமும் பறக்கிற ஒன்று இருக்கிறது. 2018ல் இங்கிலாந்திலிருந்து பறந்து வந்த டகோட்டா, பெயர் பரசுராமா. அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர் வாங்கிச் சீர்செய்து விமானப்படைக்குக் கொடுத்தது, அவருடைய அப்பா டகோட்டா விமானி. வால் பக்கம் விபி 905 என்று எழுதியிருக்கும், 1947 அக்டோபரில் ஸ்ரீநகருக்குப் படைவீரர்களைக் கொண்டுபோன டகோட்டாவின் எண் அது. இது அதே விமானம் இல்லை, எண் மட்டும் அதனுடையது. என் நண்பன் ஒருவன் இதை ஏமாற்று என்கிறான். போகட்டும், இன்ஜின் ஓடுகிறது, அடியில் தட்டு வைத்து எண்ணெய் பிடிக்கிறார்கள், எனக்கு அது போதும்.

போன மாதம் ஒரு சின்ன ஊர் வழியாக வந்தபோது பூங்கா ஒன்றில் ஒரு நேட் நின்றிருந்தது, அந்தக் குட்டிப் போர் விமானம். பளபளவென்று புதுப் பெயின்ட். விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடி மூடி மட்டும் மஞ்சளாகிப் போய் உள்ளே எதுவும் தெரியவில்லை, இன்ஜினுக்குக் காற்று போகிற வாய்க்குள் காக்காய்க் கூடு. குனிந்து வயிற்றைப் பார்த்தேன். மழைத் தண்ணீர் வடிய அடியில் சின்ன ஓட்டைகள் இருக்கும், அவற்றின் மேலேயும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வாட்ச்மேன் வந்து "தம்பி, மேல ஏறக் கூடாது" என்றார். ஏறலண்ணே, ஒரே ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, அவருடைய துடைப்பத்திலிருந்தே ஒரு ஈர்க்குச்சியை உருவி ஒரு ஓட்டையில் குத்தினேன். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் பெயின்ட் பிய்த்துக்கொண்டு கறுப்பாக, நாற்றத்தோடு தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம், ஐந்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை. "இவ்ளோ தண்ணியா உள்ள இருந்துச்சு?" என்றவர், துடைப்பத்தைப் பார்த்து, இன்னொரு குச்சியை அவரே உருவி அடுத்த ஓட்டைக்குப் போனார்.