பேரல் ஒரு பக்கம், ஹேண்ட்கார்டு ஒரு பக்கம்: பீனிக்ஸ் கராஜ் நாட்குறிப்பு

அக்டோபர் 5, 2024, சனி

காலை ஆறரைக்கெல்லாம் பென் ஏவரி சுடுதளத்துக்குப் போய்விட்டேன். அக்டோபர் பிறந்தும் பீனிக்ஸில் பகல் வெயில் 110 டிகிரிக்குக் குறையவில்லை. பத்து மணிக்கு மேல் இரும்பைத் தொட முடியாது.

வீட்டிலேயே பாகம் பாகமாகப் பூட்டிய ஏஆர்-15 ரைஃபிளுக்கு இன்றுதான் முதல் சோதனை. 50 கஜத்தில் குண்டுகள் மையத்திலிருந்து எட்டு சென்டிமீட்டர் இடப்பக்கம் விழுந்தன. சிதறல் இல்லை, எல்லாம் ஒரே கொத்து. கை நடுங்கினாலோ தோட்டா சரியில்லை என்றாலோ இப்படிக் கொத்தாக விழாது. குறிபார்க்கும் பின்சைட்டை வலப்பக்கம் திருகிக்கொண்டே போய் மையத்துக்குக் கொண்டுவந்தேன். கடைசியில் சைட் ஒரு ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. "அடி சரியாக விழுகிறதே, விடு" என்றார் பக்கத்து மேசைக்காரர். எனக்கு மனசு கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து போல்ட் கேரியரை (சுடும்போது உள்ளே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) வெளியே எடுத்தேன். தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தேன். தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருந்தன. அதற்குப் பிறகுதான் முன்பக்கமாக நின்று பார்த்தேன். பேரலைச் (குழலைச்) சுற்றி நிற்கும் கைப்பிடிக் குழாயான 15 இன்ச் ஹேண்ட்கார்டின் வாயில் பேரல் நடுவில் இல்லை. சுடுபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இடது இடைவெளி 7.9 மில்லிமீட்டர், வலது 9.3. மேலும் கீழும் சரியாக இருக்கிறது. அதாவது பேரல் நடுவிலிருந்து 0.7 மில்லிமீட்டர் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே சட்டப்படி துப்பாக்கி என்பது லோயர் ரிசீவர், அதாவது ட்ரிகர் இருக்கும் கீழ் உடல்தான். சீரியல் எண் உள்ள அந்த லோயரை உரிமம் பெற்ற கடையில் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகு வாங்கினேன். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். இதை யாரும் அங்கே முயல வேண்டாம்.

அக்டோபர் 6, ஞாயிறு

கோணல் தெரிகிற இடம் ஹேண்ட்கார்டின் முனை. அதனால் எல்லோரும் முதலில் ஹேண்ட்கார்டைத்தான் சந்தேகிக்கிறார்கள். அதைத் தட்டி வளைப்பவர்களையும், திருகாணியை ஒரு பக்கம் மட்டும் இறுக்கி இழுத்துப் பிடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்காது. எது நேராக இருக்கிறது, எது கோணலாக இருக்கிறது என்று தெரியாமல் எதையும் நேராக்க முடியாது.

ரிசீவர் (லோயர் இல்லை, பேரல் வந்து பொருந்தும் மேல் உடல்), பேரல், ஹேண்ட்கார்டு என்று மூன்று இருக்கின்றன. இதில் எது எதோடு ஒத்துப்போகவில்லை?

குண்டு விழும் இடத்தை வைத்து மட்டும் இதைச் சொல்ல முடியாது. ஹேண்ட்கார்டு வலப்பக்கம் கோணியிருந்தால் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் முன்சைட்டும் வலப்பக்கம் போகும், அடி இடப்பக்கம் விழும். பேரலே இடப்பக்கம் திரும்பியிருந்தாலும் அடி இடப்பக்கம்தான். இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு: ரிசீவரின் மேல் மட்டும் ஏறி நிற்கிற ஸ்கோப். அது ஹேண்ட்கார்டைத் தொடுவதே இல்லை. அதில் பார்த்தும் அடி அதே அளவு இடப்பக்கம் போனால் தகராறு ரிசீவருக்கும் பேரலுக்கும் நடுவில்தான். விடியற்காலையில் மறுபடி போய் இன்னொரு துப்பாக்கியிலிருந்து எடுத்த ஸ்கோப்பை மாட்டிச் சுட்டேன். வேறு துப்பாக்கிகளில் அந்த ஸ்கோப் கிட்டத்தட்ட நடுவிலேயே நிற்கும். இதில் வலப்பக்கம் ஆறு எம்ஓஏ (கோண அளவு, 50 கஜத்தில் அதே எட்டு சென்டிமீட்டர்) திருக வேண்டியிருந்தது.

அப்படியானால் ஹேண்ட்கார்டு நிரபராதி. ஆனாலும் கழற்றிக் கண்ணாடிப் பலகையில் படுக்க வைத்துப் பார்த்தேன். ஆட்டமே இல்லை, மட்டமாக உட்கார்ந்தது.

யூஜின் ஸ்டோனர் 1950-களில் ஆர்மலைட்டில் இதை வடிவமைத்தபோது முன்சைட் பேரலின் மேலேயே பொருத்தப்பட்டிருந்தது. பேரல் எந்தப் பக்கம் திரும்பினாலும் சைட்டும் கூடவே திரும்பும். ஹேண்ட்கார்டு வெறும் கைப்பிடி, அது கோணியிருந்தால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. பேரலைத் தொடாமல் நிற்கும் நீளமான ஃப்ரீ ஃப்ளோட் ஹேண்ட்கார்டு வந்து, முன்சைட்டும் அதன் மேல் ஏறிய பிறகுதான் இந்த அரை மில்லிமீட்டர் கணக்கெல்லாம் தலைவலியானது.

இரவு அப்பாவிடம் பேசினேன். கோயம்புத்தூரில் அப்போது திங்கள் காலை. கணபதியில் லேத் பட்டறையில் காலம் முழுக்க நின்றவர். துப்பாக்கி என்றதும் "அதெல்லாம் எதுக்குக் கண்ணு" என்று ஆரம்பித்தார். அளவுகளைச் சொன்னதும் குரல் மாறிவிட்டது.

"முன்னாடி நீட்டிட்டு இருக்கறத உடு. உக்கார்ற எடத்துல பேசிங் பாத்தயா?" லேத்தில் முகத்தை மட்டமாகச் சீவுவதுதான் பேசிங்.

"இன்னும் இல்லைங்ப்பா. பேரலைக் கழட்டணும்."

"கழட்டு. மொகம் மட்டமில்லீன்னா நீ என்ன முறுக்குனாலும் அது கோணத்தான் நிக்கும்."

அக்டோபர் 9, புதன்

வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் கிடைத்தது. கழற்றும் முன் கேஸ் டியூபை, அதாவது சுடும்போது வரும் வாயுவைப் பேரலிலிருந்து பின்னே கொண்டுவரும் மெல்லிய குழாயைப் பார்த்தேன். ரிசீவரின் மேல் துளைக்குள் அது நடுவாக நுழையவில்லை, ஒரு பக்கச் சுவரை ஒட்டிக்கொண்டிருந்தது. போல்ட்டைக் கழற்றிய கேரியரை மட்டும் கையால் மெல்ல முன்னே தள்ளினால் கடைசிச் சில மில்லிமீட்டரில் உரசுவது விரலுக்குத் தெரிகிறது. சைட்டைத் திருகி அடியைச் சரி செய்துவிடலாம்தான், ஆனால் இந்த உரசல் அப்படியே இருக்கும். தேய்ந்துகொண்டே போகும். "அடி விழுகிறதே, விடு" என்பதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பேரல் ஒரு பக்கம் சாய்வது வேறு, தன் அச்சிலேயே முறுகி நிற்பது வேறு. பேரல் எக்ஸ்டென்ஷனில், அதாவது பேரலின் பின்முனையில் ரிசீவருக்குள் நுழையும் துண்டில், ஒரு சிறிய முளை (பின்) இருக்கிறது. அது ரிசீவரின் உச்சியில் உள்ள காடியில் உட்காரும். அந்தக் காடியில் ஆட்டம் இருந்தால், பேரலை ரிசீவரோடு பிடிக்கும் பேரல் நட்டை இறுக்கும்போது பேரலும் கொஞ்சம் சேர்ந்து சுழலும், கேஸ் டியூபின் முன்முனையைப் பிடித்துப் பேரலில் நிற்கும் கேஸ் பிளாக் சாய்ந்து நிற்கும். ஆனால் அதனால் பேரலின் வாய் இடமோ வலமோ நகராது. என்னுடையதில் பின் இறுக்கமாகவே இருக்கிறது, கேஸ் பிளாக்கும் நேராக நிற்கிறது. அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

அக்டோபர் 10, வியாழன்

எக்ஸ்டென்ஷனின் பற்களில் பிடிக்கும் தண்டை வைஸில் மாட்டிப் பேரலைக் கழற்றினேன். ரிசீவரை நேரடியாக வைஸில் பிடித்து முறுக்கினால் அந்த அலுமினிய உடம்பு நெளிந்துவிடும்.

ரிசீவரின் முகத்தில் பேரலின் விளிம்பு உட்காரும் வளையத்தைத் துடைத்துக் கறுப்பு மார்க்கரால் பூசினேன். லேப்பிங் கருவியை (முகத்தைத் தேய்த்து மட்டமாக்கும் தண்டு) உள்ளே விட்டு மாவு போன்ற தேய்ப்புப் பேஸ்ட் கொஞ்சம் தடவி, கையாலேயே மெல்லச் சில சுற்றுகள். எடுத்துப் பார்த்தால் வலப்பக்கம் மட்டும் வெள்ளி மின்னுகிறது. இடப்பக்கம் மை அப்படியே இருக்கிறது.

வலப்பக்கம் மேடு. மேடு பேரலின் வலது விளிம்பை முன்னே தள்ளுகிறது, பேரல் இடப்பக்கம் திரும்புகிறது. கணக்கும் ஒத்துவருகிறது. விளிம்பின் விட்டம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர். அதில் 0.05 மில்லிமீட்டர் மேடு இருந்தால் 380 மில்லிமீட்டர் தள்ளி, ஹேண்ட்கார்டின் முனையில், 0.6 மில்லிமீட்டருக்கு மேல் விலகும். தலைமுடியின் தடிமன் அளவு மேடு, முன்னே போய்க் கண்ணுக்குத் தெரிகிற கோணலாகிவிட்டது. எக்ஸ்டென்ஷனுக்கும் ரிசீவரின் துளைக்கும் நடுவில் மெல்லிய ஆட்டம் உள்ளதால்தான் பேரலால் இப்படிச் சாய முடிகிறது.

ரிசீவர் எந்தத் தொழிற்சாலையில் வந்தது என்பதை எழுதப்போவதில்லை. மேடு இதைவிடப் பெரிதாக இருந்தால் தேய்க்காமல் திருப்பி அனுப்புவதுதான் சரி. தேய்த்தபின் யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வெர்னியர், டார்க் ரெஞ்ச், லேப்பிங் கருவி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. பூஜையில் வைத்த கருவியை இன்று எடுக்கக் கூடாது. பொரிகடலையோடு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. வேலையை முடித்தேன்.

ட்ரில்லில் கருவியை மாட்டிக் குறைந்த வேகத்தில், லேசான அழுத்தத்தில் ஓட்டினேன். கொஞ்சம் ஓட்டு, துடை, மறுபடி மை பூசு, பார். வளையம் முழுக்க ஒரே சீராக மின்னியதும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். ஹெட்ஸ்பேஸ், அதாவது சேம்பரில் தோட்டாவுக்கு உள்ள இட அளவு, மாறிவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்த அளவு போல்ட்டுக்கும் பேரல் எக்ஸ்டென்ஷனுக்கும் இடையில் அமைவது, ரிசீவரின் முகத்துக்கு அதில் பங்கில்லை. ஆனாலும் பூட்டியபின் அந்த அளவைச் சோதிக்கும் கோ, நோ-கோ கேஜ் இரண்டும் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

தேய்ப்பதைவிடக் கழுவுவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அந்தப் பேஸ்ட் மரையில் ஒரு துளி தங்கினாலும் ஒவ்வொரு முறை நட்டைத் திருகும்போதும் அலுமினியத்தைத் தின்னும். கரைப்பான், பிரஷ், பஞ்சு, மறுபடி கரைப்பான். தேய்த்த இடத்தில் அனோடைஸ் பூச்சு போயிருப்பதால் அங்கே மெல்லிய கிரீஸ். மரையிலும் மாலிப்டினம் கலந்த கிரீஸ்.

ராணுவக் கையேடு பேரல் நட்டுக்குச் சொல்லும் அளவு 30 முதல் 80 அடி-பவுண்டு வரை, அதாவது சுமார் 41 முதல் 108 நியூட்டன் மீட்டர். முதலில் 30 வரை இறுக்கித் தளர்த்தினேன், மறுபடி இறுக்கித் தளர்த்தினேன். மரைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரத்தான் இது, இதைத் தவிர்க்கவே கூடாது. கடைசி இறுக்கு 50-இல் நின்றது. ஹேண்ட்கார்டின் திருகாணிகளை இரு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

வெர்னியர் வைத்தேன். இடது 8.5, வலது 8.7.

கேரியரைத் தள்ளினால் கடைசி வரை உரசாமல் போகிறது. அந்த 0.1-ஐயும் துரத்தலாமே என்று நண்பன் வாட்ஸ்அப்பில் கேட்டான். வேண்டாம் என்றேன். நீளமான அலுமினியக் குழாயைக் கையால் அழுத்தினாலே அதைவிட அதிகம் வளையும்.

அப்பாவுக்கு அளவை அனுப்பினேன். "இப்பத்தான் வேல" என்று குரல் செய்தி வந்தது.

அக்டோபர் 19, சனி

வெயில் ஒருவழியாக இறங்கியிருக்கிறது. ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு இரும்பு சைட்டுகளோடு சுடுதளத்துக்குப் போனேன். பின்சைட்டை நடுவில் வைத்தே தொடங்கினேன். 50 கஜத்தில் கொத்து, மையத்துக்கு ஒரு விரல் அகலம் இடப்பக்கம். இரண்டு கிளிக்கில் மையத்துக்கு வந்தது. 100 கஜத்திலும் பக்கவாட்டில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

பேரல் சூடாக இருக்கும்போதே இறக்கி, காலி என்று பார்த்து, ஒரு டாலர் நோட்டைப் பேரலுக்கும் ஹேண்ட்கார்டுக்கும் நடுவில் முன்னிருந்து பின் வரை ஓட்டினேன். எங்கும் மாட்டவில்லை. திருகாணிகளின் தலையில் இட்டிருந்த வெள்ளைக் கோடுகளும் நகரவில்லை. அடுத்த நூறு தோட்டாவுக்குப் பிறகு அவற்றை மறுபடி பார்க்க வேண்டும்.

பக்கத்து மேசைக்காரர் இன்றும் வந்திருந்தார். தன் துப்பாக்கியை முன்பக்கமிருந்து பார்த்துவிட்டு, வெர்னியர் இருக்கிறதா என்று கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவருடையதில் இடதும் வலதும் ஏறத்தாழ ஒன்றுதான், மேலும் கீழும்தான் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். அடுத்த ஞாயிறு என் கராஜுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், முதலில் ஸ்கோப் போட்டுச் சுட்டுப் பார்த்துவிட்டு.