அடிபட்டு வளர்ந்தவன் தாங்குவானாம்

மார்ச் 4

சிங்கப்பூரில் எங்கள் கட்டட வேலையிடத்தில் சாரம் சரிந்து ஒருவர் விழுந்து மாதம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இரண்டு பேர். மன்னார்குடிக்காரர் இரண்டாவது வாரமே பழையபடி ஆகிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் மீன் வாங்கி வந்து டார்மிட்டரியில் குழம்பு வைக்கிறார். அறந்தாங்கித் தம்பிதான் தேறவில்லை. இன்று யாரோ லாரியிலிருந்து இரும்புக் குழாயை இறக்கிப் போட்ட சத்தத்துக்கு, ஹெல்மெட் போட்ட தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சுவரோரம் குத்தவைத்துவிட்டான். "ரெண்டு பேரும் அதையேதானே பார்த்தாங்க, இவனுக்கு மட்டும் என்னவாம்?" என்கிறார் மேனேஜர்.

மார்ச் 7

எரிச்சலில் கேட்டாலும் கேள்வி நல்ல கேள்விதான். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை வைத்து 1993இல் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் தொட்டது. பிடிஎஸ்டி, அதாவது பயங்கரமான ஒன்றைப் பட்ட பிறகு மனதை விட்டுப் போகாத அதிர்ச்சி நோய், வந்தவர்களில் சிறுவயதில் அடி உதை பட்டவர்கள் கூடுதலாக இருந்தார்கள், போர்முனையில் யார் எவ்வளவு பார்த்தார்கள் என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும்.

மார்ச் 8

தம்பி தானாகவே பேசினான். "அப்பா சைக்கிள் ஸ்டாண்டு போடுற சத்தத்துலயே தெரிஞ்சிடும்ணே, இன்னிக்கு அடி உண்டா இல்லையான்னு." சத்தம் சரியில்லை என்றால் அம்மாவும் அவனும் பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு ஓடிவிடுவார்களாம். அப்போது அவனுக்கு ஆறேழு வயது.

மார்ச் 9

ஆபத்து என்றதும் உடம்பு கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, போதும் என்று மூளைக்குத் தெரிந்ததும் சுரப்பு அடங்க வேண்டும். வளரும் வயதில் தினமும் பயந்தே கிடந்தால் இந்த அடங்கும் வழியே தடம் மாறிப்போகலாம். அமெரிக்காவில் அட்லாண்டாவின் கிரேடி மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. எஃப்கேபிபி5 என்ற மரபணு அந்த அடக்கும் வேலையோடு சம்பந்தப்பட்டது. அந்த மரபணுவின் சில வகைகள் இருந்து, சிறுவயதில் கொடுமையும் அனுபவித்தவர்களுக்குப் பெரியவர்களான பின் பிடிஎஸ்டி அறிகுறிகள் அதிகம். மரபணு மட்டும் தனியாக அதைச் செய்யவில்லை. 2013இல் இன்னொரு ஆய்வு, அந்த வகைகள் உள்ளவர்களிடம் சிறுவயதுக் கொடுமை, மரபணு எவ்வளவு வேலை செய்யும் என்பதைத் தீர்மானிக்கும் அதன் மேலுள்ள ரசாயனக் குறிகளையே மாற்றியிருப்பதைக் காட்டியது. இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 12

"கஷ்டத்துல வளர்ந்தவன் கல்லாட்டம் இருக்கணுமே" என்றார் கேண்டீனில் ஒருவர். நம் ஆட்கள் எல்லோரும் சொல்வதுதான், கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. அதில் அரை உண்மை இருக்கிறது என்பதுதான் வம்பு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அணில் குரங்கு என்ற சிறு குரங்கின் குட்டிகளை வாரம் ஒரு மணி நேரம் மட்டும் தாயிடமிருந்து பிரித்துவைத்துத் திரும்ப விட்டார்கள், அவை பிற்பாடு புது இடத்துக்கு அவ்வளவாகப் பயப்படவில்லை. ஆனால் அது ஒரு மணி நேரம், முடிந்ததும் அம்மாவிடம் போய்விடலாம். தம்பிக்கு அப்படியா இருந்தது? அடிபட்ட எல்லோருக்கும் பிடிஎஸ்டி வருவதில்லை, அதுவும் சரி. மன்னார்குடிக்காரர் எப்படி வளர்ந்தார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் போவதில்லை.

மார்ச் 15

டாக்டர் பிடிஎஸ்டி என்றே எழுதிக்கொடுத்துவிட்டார். அந்த விபத்தையே மெல்ல மெல்லப் பேசவைத்துச் செய்யும் சிகிச்சை, வாராவாரம் வர வேண்டும், தமிழ் பேசும் ஆலோசகர் கிடைத்திருக்கிறார். தம்பி கேட்டது ஒன்றுதான்: "அப்பா விஷயமும் சொல்லணுமாண்ணே?" உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது சொன்னால் போதும் என்றேன். வேலை நேரத்தில் அனுப்ப முடியாது என்று மேனேஜர் இழுக்கிறார், திங்கட்கிழமை டாக்டர் கடிதத்தோடு போய் அவரைப் பார்க்க வேண்டும்.