ஹமார்ஷியா என்றால் குறை அல்ல, பிழை: மூன்றாவது முறையில் அரியர் முடித்த அனுபவம்

போன வாரம் ரிசல்ட் வந்தது. எம்.ஏ. ஆங்கிலத்தில் இரண்டு வருடமாக என் கழுத்தைப் பிடித்திருந்த இலக்கியத் திறனாய்வுத் தாள் ஒருவழியாக முடிந்தது. எக்ஸ்டர்னலில் 75க்கு முதல் முறை 31, அடுத்த முறை 34, இப்போது 58. நடுவில் புது கைடு எதுவும் வாங்கவில்லை. கூடுதல் நேரம் படிக்கவும் இல்லை, வேலைக்குப் போய்க்கொண்டே எழுதியதால் அதற்கு வழியும் இல்லை. ஹமார்ஷியா என்ற ஒரே ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்து வைத்திருந்தேன், அதைச் சரிசெய்தேன். துன்பியல் நாயகன் விழுவதற்கு அரிஸ்டாட்டில் சொல்லும் காரணம் அது. அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

இரண்டாவது முறை போனதும் பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கினேன். துன்பியல் நாயகன் கேள்விக்கு நான்கு பக்கம் எழுதியிருந்தேன். 15க்கு 4 போட்டிருந்தார்கள். திருத்தியவர் மேல் அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஒரு வாரம் கழித்து நிதானமாகப் படித்தபோது தெரிந்தது, நான்கு பக்கமும் வெறும் பட்டியல். ஈடிபஸுக்குக் கோபம், ஹாம்லெட்டுக்குத் தயக்கம், ஒத்தெல்லோவுக்குச் சந்தேகம், மேக்பெத்துக்குப் பேராசை. ஆளுக்கு ஒரு வியாதியை ஒட்டி, அதனால் விழுந்தான் என்று முடித்திருக்கிறேன். முதல் வரியில் வந்த அரிஸ்டாட்டில் அப்புறம் எங்கேயும் வரவில்லை.

நான் வைத்திருந்த கைடில் ஹமார்ஷியாவுக்கு நேராக 'குணத்தில் உள்ள குறை' என்றுதான் இருந்தது. தயவுசெய்து அரிஸ்டாட்டிலின் நாடகக்கலை நூலான பொயட்டிக்ஸின் 13ஆம் அத்தியாயத்தை நேரடியாகப் படியுங்கள், சில பக்கம்தான். முதலில் அவர் மூன்று வகைக் கதைகளை ஒதுக்குகிறார். மிக நல்லவன் வாழ்விலிருந்து தாழ்வுக்கு விழுவது வேண்டாம், அது மனதைப் பதறவைக்குமே தவிர அச்சத்தைத் தராது. கெட்டவன் தாழ்விலிருந்து உயர்வதும் வேண்டாம். படு கெட்டவன் விழுவதும் வேண்டாம், அதில் நமக்கு இரக்கம் வராது. மிச்சம் இருப்பவன் நடுவில் நிற்கிறவன். பேரும் செல்வாக்கும் உள்ளவன், ஆனால் நம்மைப் போன்றவன். அவன் தீய குணத்தால் விழுவதில்லை, ஒரு ஹமார்ஷியாவால் விழுகிறான்.

அந்தக் கிரேக்கச் சொல்லின் வேர், எறிந்த ஈட்டி குறி தவறுவதைச் சொல்லும் வினைச்சொல். பொயட்டிக்ஸுக்கு வந்த பைவாட்டரின் 1909 ஆங்கில மொழிபெயர்ப்பு இதைத் தீர்ப்பில் நேர்ந்த தவறு என்று எடுத்துக்கொண்டது. அதற்கு முன் 1895இல் வந்த புட்சரின் மொழிபெயர்ப்பு தவறோடு பலவீனத்தையும் சேர்த்துச் சொன்னது. அந்தப் பலவீனத்தைப் பிடித்துக்கொண்டால் 'குறை'க்கு வந்து சேர்வது சுலபம்.

எனக்கு இது விளங்கியது தமிழில் யோசித்தபோதுதான். 'யானை பிழைத்த வேல் ஏந்தல் இனிது' என்று பள்ளியில் படித்த குறள் நினைவுக்கு வந்தது. அங்கே பிழைத்த வேல் என்றால் குறி தப்பிய வேல். எறிந்தவன் கோழை இல்லை, கெட்டவனும் இல்லை. குறி தப்பியது, அவ்வளவுதான். ஹமார்ஷியாவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலாவது இருக்குமா என்று தெரியவில்லை. அதே சொல்லைத்தான் பாண்டியனும் சொல்கிறான்: 'மன்பதை காக்கும் தென்புலம் காவல் என்முதற் பிழைத்தது.' ஊடலில் இருந்த அரசியிடம் போகிற அவசரத்தில், விசாரிக்காமல் ஒரு கட்டளை. சபையில் கண்ணகி சிலம்பை உடைக்க, முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்கிறது. உண்மை தெரிவதும் வாழ்க்கை தலைகீழாவதும் அதே நொடியில். அனக்னோரிசிஸும் (உண்மை தெரிவது) பெரிபெட்டியாவும் (நிலை தலைகீழாவது) சேர்ந்து வருவதே சிறந்தது என்று 11ஆம் அத்தியாயத்தில் அரிஸ்டாட்டில் சொல்வது இதைத்தான்.

இந்தக் கண்ணோடு சோஃபக்ளீஸின் ஈடிபஸ் நாடகத்தை மறுபடி படித்தேன். அவன் கொரிந்தை விட்டு ஓடியது எதற்கு? அப்பா அம்மா என்று நம்பியவர்களுக்குத் தன்னால் கேடு வரக்கூடாது என்பதற்கு. மூன்று பாதைகள் கூடும் இடத்தில் அவன் அடித்துக் கொன்றவர்தான் தன்னைப் பெற்ற அப்பா என்று அவனுக்குத் தெரியாது. கோபக்காரன்தான், மறுக்கவில்லை. ஆனால் கோபம் மட்டும் அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தவில்லை. கொரிந்திலிருந்து வரும் தூதன் நல்ல செய்தி சொல்லத்தான் வருகிறான். ஈடிபஸின் பயத்தைப் போக்க, 'கொரிந்து அரசன் பாலிபஸ் உன் அப்பா இல்லை' என்கிறான். அவன் மனைவி யொகாஸ்டாவுக்கு, தானே அவனைப் பெற்றவள் என்று அப்போதே புரிந்துவிடுகிறது. மேலே கேட்காதே என்று கெஞ்சுகிறாள். அவன் கேட்கிறான்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். நான் பத்தாவது படிக்கும்போது எங்கள் வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. அப்பாவுக்கு ஆறு விசைத்தறி இருந்தது. நண்பர் ஒருவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். உறையைப் பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "ஏனுங்க, இப்பப் பிரிக்க வேண்டாமுங்க, சாப்புட்டுப் போட்டுப் பாக்கலாம்" என்றார். அப்பா நின்றபடியே பிரித்துப் படித்தார். நான்கு தறி போனது. மிச்சம் இரண்டும் அடுத்த வருடம் போனது. இன்று வேறொருவர் பட்டறையில் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரை ஏமாளி என்றார்கள், நானும் மனதுக்குள் அப்படித்தான் வைத்திருந்தேன். நாயகர்களுக்கு ஒட்டியது போல அவருக்கும் ஒரு வியாதி. ஆனால் அந்த நண்பர், கையில் காசில்லாத மாதங்களில் பத்து வருடம் எங்களுக்குக் கடனுக்கு நூல் கொடுத்தவர். அன்றைக்கு அப்பாவுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால், கையெழுத்துப் போடாமல் இருப்பதுதான் தப்பு. வேல் பிழைத்தது. இதை அவரிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. அவர் ஒன்றும் பேசவில்லை, அந்தப் பாண்டியன் கதையை மட்டும் முழுதாகச் சொல்லச் சொன்னார்.

இனி படிக்கும் முறை. நான் மெதுவாக எழுதுகிறவன், மனப்பாடம் வராது. அதனால் இது எல்லோருக்கும் ஒத்துவராது.

- எந்த நாடகமானாலும் நாயகனைப் பற்றி மூன்று கேள்வி: செய்த நேரத்தில் அவனுக்கு என்ன தெரியும்? என்ன செய்தான்? உண்மை எப்போது தெரிந்தது? ஒரு நாயகனுக்கு அரைப் பக்கம் போதும்.
- ஹூப்ரிஸை (ஆணவம்) ஹமார்ஷியாவுக்கு மறுபெயராக எழுதாதீர்கள். 13ஆம் அத்தியாயத்தில் அந்தச் சொல்லே இல்லை.
- பதிலை, அரிஸ்டாட்டில் ஒதுக்கிய மூன்று வகைகளிலிருந்து தொடங்குங்கள். நடுவில் நிற்பவன் ஏன் வேண்டும் என்பது தானாக வந்துவிடும்.
- இரக்கம் தகாத துன்பத்தைப் பார்த்து வருவது, அச்சம் நம்மைப் போன்றவனுக்கு நேர்வதைப் பார்த்து வருவது. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.
- குணத்தை வைத்துப் பேச வேண்டுமென்றால் ஆங்கிலத் திறனாய்வாளர் பிராட்லியின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவருடைய 1904 விரிவுரைகள் ஷேக்ஸ்பியரைப் பற்றியவை. அந்தக் கருத்தை அரிஸ்டாட்டில் வாயில் போட்டதுதான் என் 4 மார்க்.

மேக்பெத்தை இதில் அடைக்கப் பார்க்காதீர்கள். அரசன் டங்கனைக் கொல்வது பாவம் என்று தெரிந்தே கொல்கிறான், குறி தப்பவில்லை. 'இங்கே அரிஸ்டாட்டிலின் அளவுகோல் முழுதாகப் பொருந்தவில்லை' என்று நேராக எழுதினேன். முன்பெல்லாம் அப்படி எழுதப் பயமாக இருக்கும்.

ஜெர்மன் தத்துவவாதி ஹெகலுக்கு நான்கு வரி போதும்: சோஃபக்ளீஸின் ஆன்டிகனி நாடகத்தில் ஆன்டிகனி பக்கமும் நியாயம், அரசன் கிரியோன் பக்கமும் நியாயம், மோதலே துன்பியல். அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லருக்கு மட்டும் கடைசி இருபது நிமிடத்தை ஒதுக்கி வையுங்கள். அரசர்களைப் போலவே சாதாரண மனிதனும் துன்பியலுக்கு உரியவன், தன் மரியாதையைக் காக்க உயிரையே வைக்கத் தயாராக இருப்பவனைப் பார்த்தால் அந்த உணர்வு வரும் என்று 1949இல் ஒரு கட்டுரையில் எழுதினார். அதை எழுதும்போது எனக்கு உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை. விடைத்தாளில் அப்பாவைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. ஆனால் அந்த ஒன்றரைப் பக்கம் மட்டும் எங்கும் அடித்தல் இல்லாமல் வந்தது.