கொழுப்பு போன இடத்தில் என்ன வந்தது?

கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது, எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதும் தயிர், ஐஸ்கிரீம், பிஸ்கட், சாலட் டிரெஸ்ஸிங் எல்லாவற்றையும் கொழுப்பு நீக்கிய வகைக்கு மாற்றினேன். எடை கொஞ்சம் இறங்கியது. ஆனால் சாயங்காலமானால் வயிறு உப்பிக்கொள்ளும், வாயு பிரிந்துகொண்டே இருக்கும், சில நாள் பேதி வேறு. பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ்தான் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பார்த்தால், சாதாரணப் பால் குடித்தபோது ஒன்றும் ஆகவில்லை.

உணவியல் நிபுணர் முதலில் கேட்டதே, எடுத்த கொழுப்புக்குப் பதிலாக அதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்பதுதான். கொழுப்போடு வழவழப்பும் போய்விடும், அதை ஈடுகட்ட எதையாவது சேர்த்தாக வேண்டும். பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டே போனதில் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து செய்வது), வே புரோட்டீன் (பால் புரதம்), பாலிடெக்ஸ்ட்ரோஸ் (செயற்கை நார்), இன்யூலின் (தாவர நார்) என்று ஒரு கூட்டமே இருந்தது. இன்யூலின் மட்டும் பலவற்றில் வந்தது, சிலதில் 'சிக்கரி வேர் நார்' என்ற பெயரில்.

அப்புறம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். வயிறு அடங்கியபின் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும், ஒன்றைச் சோதிக்கும்போது இன்னொன்று கூடாது, என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு என்ன ஆனது என்று எழுதிவைக்க வேண்டும். சலிப்பான வேலைதான். வே புரோட்டீன் தொந்தரவு தரவில்லை (பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆகாது). மால்ட்டோடெக்ஸ்ட்ரினும் வயிற்றை ஒன்றும் செய்யவில்லை, ஆனால் அது சீக்கிரம் செரித்து ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும், கிராமுக்கு 4 கலோரியும் உண்டு. கொழுப்பின் 9-ஐவிடக் குறைவு, அவ்வளவுதான். பாலிடெக்ஸ்ட்ரோஸ் அதிகம் போனால் பேதியாகலாம் என்றார், ஒரு பரிமாறலில் 15 கிராமுக்கு மேல் இருந்தால் அமெரிக்காவில் லேபிளிலேயே எச்சரிக்க வேண்டுமாம். நான் சாப்பிட்ட அளவில் எனக்கு எதுவும் ஆகவில்லை.

இன்யூலின் வந்ததும் பழைய கதை ஆரம்பித்தது. சிறுகுடலில் அது செரிப்பதில்லை. பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கவைக்கும்போது வாயு உண்டாகிறது. கெட்ட பொருள் என்று சொல்ல முடியாது, நார்ச்சத்துதானே, கொஞ்சமாகச் சாப்பிட்டபோது எனக்கும் ஒன்றும் செய்யவில்லை. காலையில் தயிர், மதியம் பிஸ்கட், ராத்திரி ஐஸ்கிரீம் என்று மூன்றும் ஒரே நாளில் சேர்ந்ததுதான் விஷயம். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்குக் தொந்தரவு வரக் குறைந்த அளவே போதுமாம்.

கொழுப்புக்குப் பதிலாகப் பயன்படுத்திய ஒலெஸ்ட்ரா என்ற பொருள் பற்றியும் கேட்டேன். சர்க்கரையோடு ஆறு முதல் எட்டு கொழுப்பு அமிலங்களைக் கோத்த பொருள் அது, கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் நொதியால் வெட்ட முடியாது, அப்படியே வெளியேறிவிடும். போகும்போது ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் கரோட்டினாய்டுகளையும் (காய்கறிகளில் உள்ள நிறமிகள்) இழுத்துக்கொண்டு போகும். 1996-இல் அமெரிக்காவில் சிப்ஸ் போன்றவற்றுக்கு அனுமதித்தபோது அந்த நான்கு வைட்டமின்களையும் சேர்க்கச் சொன்னார்கள், வயிற்றுவலி, பேதி பற்றிய எச்சரிக்கையும் 2003 வரை லேபிளில் இருந்தது. நான் சாப்பிட்டவற்றில் அது இல்லை.

ஆனால் அந்தப் பேச்சில்தான் சாலட் விஷயம் வந்தது. கேரட், கீரையில் உள்ள கரோட்டினாய்டு உடம்பில் சேரக் கொஞ்சமாவது கொழுப்பு வேண்டும். அதனால் கொழுப்பில்லாத டிரெஸ்ஸிங்கை விட்டுவிட்டு ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊற்றிக்கொள்கிறேன். இன்யூலின் உள்ளது ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கிடையாது. எடை இன்னும் மெதுவாகத்தான் இறங்குகிறது, சரி, இறங்கட்டும்.