ரெஷெத்னிகோவின் ஃபெயிலான பையன்

பரீட்சைப் பேப்பர் திருத்திக் கொடுக்கும் வாரத்தில் ஓவிய ஆசிரியருக்குப் பெரிதாக வேலை இருக்காது. என் பாடத்து மார்க்கை வீட்டில் யாரும் கேட்பதில்லை. அந்த வாரத்தில்தான் எட்டாம் வகுப்புக்கு சோவியத் ஓவியர் ஃபியோதர் ரெஷெத்னிகோவின் 'மறுபடியும் இரண்டு' படத்தைத் திரையில் போடுவேன். 1952-ல் வரைந்தது, மாஸ்கோ த்ரெத்யாகோவ் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. சோவியத் பள்ளிகளில் மார்க் ஐந்துக்குத்தான், இரண்டு வாங்கினால் ஃபெயில். இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்கார்ந்துவிடும்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் நிற்கிறான் பையன். அம்மா உட்கார்ந்தபடி அவனைப் பார்க்கிறாள். கோபத்தைவிடச் சலிப்புதான் அதிகம். சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய அக்கா முறைக்கிறாள். குட்டித் தம்பி சின்ன சைக்கிளில் உட்கார்ந்து சிரிக்கிறான். நாய் மட்டும் பையன்மேல் தாவுகிறது. அவன் யாரையும் பார்க்கவில்லை. கையில் கயிறு போட்டுக் கட்டிய பழைய பை, அதிலிருந்து பனிச்சறுக்குக் காலணி எட்டிப் பார்க்கிறது. ஸ்கூல் விட்டதும் எங்கே போய்விட்டு வந்திருக்கிறான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"அப்பா எங்கே சார்?" என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். போரில் செத்திருப்பார் என்று சொல்லிவிடலாம். ஆனால் போர் முடிந்து 7 வருடம் ஆகிறது, தம்பிக்கு ஐந்து வயதுக்கு மேல் இருக்காது. கணக்கு உதைக்கிறது. அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் நல்ல மார்க் வாங்கிய மாணவனை வரையத்தான் ரெஷெத்னிகோவ் நினைத்தாராம். வகுப்பறையில் போய் உட்கார்ந்தபோது, கரும்பலகை முன் விழித்துக்கொண்டு நின்ற ஒருவன் கண்ணில் பட்டான் என்பார்கள். நம்பக்கூடிய கதைதான். மனிதர் சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர். 1933-ல் ஆர்க்டிக் போன 'செல்யூஸ்கின்' கப்பலில் ஓவியராக இருந்தார். 1934 பிப்ரவரியில் பனி நெருக்கிக் கப்பல் மூழ்க, 104 பேர் பனிப்பாளத்தில் கூடாரம் அடித்தார்கள். விமானங்கள் வந்து கடைசி ஆளையும் மீட்பதற்குள் ஏப்ரல் ஆகிவிட்டது. அங்கே நடத்திய 'சரணடைய மாட்டோம்' சுவர்ப் பத்திரிகைக்குப் படம் போட்டவர் இவர்தான். குளிரில் நடுங்குபவனையும் சிரிக்க வைக்க வேண்டிய வேலை அது. அந்தக் கை இந்தப் படத்திலும் தெரிகிறது என்று எனக்குத் தோன்றும்.

சரி, மனிதரைத் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. ஸ்டாலினையும் வரைந்தார், 1949-ல் ஸ்டாலின் பரிசும் வாங்கினார். பிற்பாடு அரூப ஓவியர்களைக் கிண்டலடித்துப் பெரிய படமே போட்டார். அதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை.

'மறுபடியும் இரண்டு' படத்தின் சுவரில் அவருடைய 1948 ஓவியம் தொங்குகிறது. விடுமுறைக்கு வந்த ராணுவப் பள்ளிச் சிறுவன் தாத்தாவுக்கு விறைப்பாகச் சல்யூட் அடிக்கும் படம். உதாரணப் பிள்ளை சுவரில், உதவாக்கரை வாசலில்! மாணவர்கள் தாமாகவே கண்டுபிடிக்கட்டும் என்று இதை மட்டும் நான் சொல்வதில்லை.

1954-ல் 'மறுதேர்வு' வரைந்தார். வெளியே நண்பர்கள் காத்திருக்க, பையன் உள்ளே புத்தகத்தோடு அல்லாடுகிறான். அங்கே சுவரில் 'மறுபடியும் இரண்டு'. அதையும் போட்டுக் காட்டுவேன். வகுப்பு அவ்வளவாக ஒட்டுவதில்லை. படிக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஓவியரே சொல்லி முடித்துவிடுகிறார், கேட்க அவர்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை.