அது அப்படித்தான் வேலை செய்யும்

பிரைவசி ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்து கம்பெனிக்கு எழுதுகிறவர்களுக்கு வரும் முதல் பதிலில் அடிக்கடி தென்படும் வாசகம் ஒன்று உண்டு: "இது பிழை அல்ல, வடிவமைத்தபடியே இயங்குகிறது." மெமரி கோளாறு என்றால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. ஆப் பெரும்பாலும் செத்து விழும், எங்கே விழுந்தது என்ற பதிவு (க்ராஷ் லாக்) இருக்கும், யாரும் மறுக்க முடியாது. பிரைவசி ஓட்டையில் எதுவும் உடைவதில்லை. பட்டனை அழுத்தினால் வேலை நடக்கிறது, சர்வர் பதில் தருகிறது. தகவல் மட்டும் போகக்கூடாத ஆளிடம் போகிறது. அதனால் அது எவ்வளவு பெரிய ஓட்டை என்ற பேச்சுக்கு முன்னால், அது ஓட்டைதானா என்ற வழக்கு நடந்தாக வேண்டியிருக்கிறது.

இதற்கு 2019-இல் நடந்த ஸூம் விவகாரத்தைவிட நல்ல பாடம் கிடைக்காது. மேக் கணினியில் ஸூமை நிறுவினால், கூடவே ஒரு குட்டி வெப் சர்வரும் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். 19421 என்ற போர்ட்டில், அதாவது கணினியின் எண்ணிட்ட ஒரு வாசலில், காது வைத்தபடி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ப்ரௌசரில் மீட்டிங் லிங்க்கை அழுத்தியதும் அந்தப் பக்கம் இந்த சர்வரிடம் பேசும், சர்வர் ஸூமைத் திறந்து ஆளை மீட்டிங்கில் சேர்த்துவிடும். ஆனால் பேச வருவது ஸூமின் பக்கம்தானா என்று அந்த சர்வர் கேட்டதில்லை. எந்த இணையதளமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃப்ரேமில் அந்த சர்வரின் முகவரியை வைத்தால் போதும், பக்கத்தைத் திறந்தவர் யாரோ ஒருவருடைய மீட்டிங்கில் இருப்பார். சேரும்போது வீடியோவை அணைத்து வைக்கும் அமைப்பை அவர் முன்பே தேர்ந்தெடுத்திருக்காவிட்டால் கேமராவும் ஓடும்.

இதைவிடக் கூச்சமான இடம் ஒன்று உண்டு. வெளி இணையதளம் ஒன்று உள்ளூர் சர்வரின் பதிலைப் படிப்பதை ப்ரௌசர் தடுக்கும், பாதுகாப்புக்காகவே வைத்த விதி அது. அதைத் தாண்ட, சர்வர் தன் பதிலை ஒரு படமாக அனுப்பியது. படத்தின் அகலமும் உயரமும் எத்தனை பிக்சல் என்பதுதான் செய்தி, இன்ன அளவு என்றால் இன்ன நிலை என்று. படத்தைக் காட்ட ப்ரௌசர் தடை சொல்லாது என்பதை வைத்துக் கட்டிய சுற்றுவழி இது. தெரியாமல் விழுந்த ஓட்டை என்று இதைச் சொல்ல முடியாது. யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஸூமை நீக்கினாலும் அந்த சர்வர் போகாது என்பது உச்சம். அடுத்த முறை மீட்டிங் லிங்க் வந்தால், கேட்காமலே ஸூமை மறுபடி நிறுவிவிடும்.

ஜொனாதன் லைட்ஷூ என்ற ஆய்வாளர் இதை மார்ச் 26-ஆம் தேதி எழுதி அனுப்பினார், அதற்குள் அடைக்காவிட்டால் வெளியிடுவேன் என்ற 90 நாள் கெடுவுடன். ஓட்டையை எப்படி அடைப்பது என்று இரு தரப்பும் நேரில் பேசிய முதல் வீடியோ அழைப்பு நடந்தது ஜூன் 11-இல், அதாவது 77-ஆம் நாள். இடையில் பரிசுப் பணம் தர முன்வந்தார்கள். ஆனால் ஓட்டையை அடைத்த பிறகும் அதைப்பற்றி வெளியே பேசக்கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்ததால் அவர் மறுத்துவிட்டார். கெடு முடியும் தறுவாயில் ஓர் ஒட்டுப்போட்டார்கள். ஜூலை 7-இல் பார்த்தால் அந்த ஒட்டும் பிய்ந்து, பழைய ஓட்டை மறுபடி வேலை செய்தது. மறுநாள் அவர் எல்லாவற்றையும் வெளியிட்டார்.

அன்றைக்கு ஸூம் சொன்ன விளக்கத்தைக் கவனியுங்கள். சஃபாரி 12 ப்ரௌசரில் ஆப்பைத் திறக்கும் முன் ஒருமுறை கேட்டு உறுதி செய்யும் பெட்டியை ஆப்பிள் கொண்டுவந்திருந்தது, பயனருக்கு அந்த ஒரு க்ளிக்கை மிச்சப்படுத்தத்தான் சர்வர் வைத்தோம், இது நியாயமான தீர்வு என்றார்கள். இது பொய்யில்லை. உண்மையிலேயே அதற்காகத்தான் வைத்தார்கள். பயனரின் சம்மதத்தைக் கேட்க வைத்த க்ளிக், பொருளைச் செய்தவர்களின் கண்ணுக்கு உராய்வாகத் தெரிந்தது. பிரைவசி ஓட்டைகளில் பெரும்பகுதி இந்த ஒரே பார்வைக் கோளாறிலிருந்து பிறப்பவை. கோளாறு பார்வையில் இருக்கும்போது, புகாரைப் படிப்பவரின் கண்ணிலும் அதே கோளாறு இருக்கும்.

வெளியானபின் வேகத்தைப் பார்க்க வேண்டுமே! 90 நாளில் நகராதது ஒரே நாளில் நகர்ந்தது. ஜூலை 9-இல் அந்த சர்வரையே அகற்றும் அப்டேட் வந்தது. தலைமை நிர்வாகி எரிக் யுவான், நிலைமையைத் தவறாக எடைபோட்டோம் என்று ஒப்புக்கொண்டார். ஸூமை முன்பே நீக்கியவர்களின் கணினியில் மிச்சமிருந்த சர்வரை அந்த அப்டேட்டால் எட்ட முடியாதே? அதை ஆப்பிள் பார்த்துக்கொண்டது. தீங்குநிரல்களைக் களைய மேக்கில் வைத்திருக்கும் கருவி வழியாக, பயனரைக் கேட்காமலே, ஜூலை 10-இல் துடைத்தது. ஸூமின் நிரலை வாங்கி வேறு பெயரில் விற்ற ரிங்சென்ட்ரல், ஜூமு ஆப்களிலும் அதே சர்வர் இருந்ததால் அவற்றுக்கும் தனியாகத் துடைக்க வேண்டியிருந்தது. மூலத்தில் அடைத்தால் கிளைகளில் தானாக அடையாது என்பதைப் புகார் எழுதுகிறவர்கள் நினைவில் வைக்கலாம். அதே நிரல் வேறு எங்கெல்லாம் ஓடுகிறது என்று கம்பெனியே சொல்லாது.

அதே ஆண்டு ஜனவரியில் ஆப்பிளின் முறை. ஃபேஸ்டைமில் ஒருவரை அழைத்து, மணி அடிக்கும்போதே 'ஆள் சேர்' என்பதில் தன் எண்ணையே சேர்த்தால், எதிராளி எடுக்காமலே அவர் பக்கத்து ஒலி கேட்கும். அவர் பவர் பட்டனை அழுத்தினால் படமும் வரும். இதைக் கண்டுபிடித்தது அரிசோனாவில் 14 வயதுப் பையன். அவன் அம்மா மின்னஞ்சல், ட்விட்டர், ஃபேஸ்புக், ஃபேக்ஸ் என்று எல்லா வாசலிலும் தட்டினார். பிழை அறிக்கை தரவேண்டுமானால் டெவலப்பர் கணக்குத் தொடங்குங்கள் என்று பதில் வந்தது. ஜனவரி 28-இல் விஷயம் ஊருக்கே தெரிந்தது, அன்றிரவே குழு அழைப்பு சேவையை சர்வர் பக்கத்தில் நிறுத்தினார்கள். பிப்ரவரி 7-இல் ஐஓஎஸ் 12.1.4 வந்தது. பாதுகாப்புக் குழு மோசமில்லை. புகார் அந்தக் குழுவின் மேசைக்குப் போய்ச் சேரும் வழிதான் இல்லை.

இதன் வால் இன்னும் சுவாரசியமானது. எடுக்காமலே ஒலி போவது ஏன் என்று கூகுளில் ஓட்டை தேடும் குழுவான ப்ராஜெக்ட் ஸீரோவைச் சேர்ந்த நடாலி சில்வனோவிச் மற்ற ஆப்களிலும் தேடினார். அழைப்பு என்பது 'அழைக்கிறது', 'மணி அடிக்கிறது', 'இணைந்தது' என்று படிப்படியாக நகரும் ஒரு நிலைப்பொறி. எந்தப் படியில் மைக் திறக்க வேண்டும், அடுத்த படிக்கு நகர்த்தும் உரிமை யாருக்கு என்பதில் தவறினால் தீர்ந்தது. சிக்னல் என்ற ஆப்பின் ஆண்ட்ராய்டு பதிப்பில், 'இணைந்தது' என்ற செய்தி வந்தால் அது வரவேண்டிய பக்கம்தானா என்று ஆப் பார்க்கவில்லை. அழைத்தவரே அந்தச் செய்தியை அனுப்பினால் எதிராளியின் போன் தானாக எடுத்துக்கொண்டது. 2019 செப்டம்பரில் அதை அடைத்தார்கள். ஜியோசாட், மோச்சா, கூகுள் டுவோ, ஃபேஸ்புக் மெசஞ்சர் என்று பட்டியல் நீண்டது. மெசஞ்சர் ஓட்டைக்கு ஃபேஸ்புக் 60,000 டாலர் கொடுத்தது. ஒரு கம்பெனியின் ஓட்டை வெளியே வந்தால் மற்ற கம்பெனிகள் தங்கள் நிரலைத் திறந்து பார்த்திருக்க வேண்டாமா? வெளியாள் ஒருவர்தான் பார்க்க வேண்டியிருந்தது.

எல்லாப் பழியையும் கம்பெனி மேலேயே போடுவதும் சரியில்லை. 2013-இல் பாலஸ்தீனரான கலீல் ஷ்ரெய்தே, நண்பராக இல்லாதவர்களின் ஃபேஸ்புக் சுவரிலும் எழுத முடிகிறது என்று புகார் செய்தார். பிழை இல்லை என்று பதில் வர, நேரே மார்க் ஸக்கர்பெர்க் சுவரிலேயே எழுதிக் காட்டினார். ஓட்டை அடைபட்டது, அவருக்குப் பரிசு கிடையாது என்றார்கள். காரணம், உண்மையான ஒருவரின் கணக்கில் சோதித்தது விதிமீறல். அறிக்கையில் மறுபடி செய்து பார்க்கப் போதுமான விவரமும் இல்லை என்றது ஃபேஸ்புக், தாங்கள் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டது. ஆயிரக்கணக்கான குப்பை அறிக்கைகளுக்கு நடுவே ட்ரையாஜ் மேசையில், அதாவது வரும் அறிக்கைகளைத் தரம் பிரிக்கும் இடத்தில் இருப்பவர், ஒரு அறிக்கையை சில நிமிடம் படித்து முடிவெடுக்கிறார். அவர் கையில் அறிக்கை தவிர வேறு எதுவும் இல்லை.

நேர்மாறான உதாரணம் சென்னையின் லக்ஷ்மண் முத்தையா. 2019-இல் இன்ஸ்டாகிராம் கடவுச்சொல் மாற்ற அனுப்பும் ஆறு இலக்கக் குறியீட்டை எடுத்துக்கொண்டார். சாத்தியங்கள் 10 லட்சம், ஆயுள் 10 நிமிடம். ஒரே ஐபி முகவரியிலிருந்து 1,000 முயற்சி அனுப்பினால் சுமார் 250 உள்ளே போயின, மீதி தடுக்கப்பட்டன. எண்ணிக்கைக்கு மட்டும்தான் தடை, தொடர்ந்து அனுப்புபவரை முழுதாக முடக்குவது இல்லை. 1,000 ஐபிகளிலிருந்து 2 லட்சம் குறியீடுகளை அனுப்பிக் காட்டினார், ஐபிக்கு 200 வீதம். அப்படியானால் 10 லட்சத்துக்கு 5,000 ஐபி, மேகக் கணினி வாடகை சுமார் 150 டாலர். இவருக்கும் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, அறிக்கையில் விவரம் போதவில்லை என்று சில மின்னஞ்சல்கள் போய்வந்தன. செய்முறை வீடியோ போனபின் 30,000 டாலர் வந்தது. 150 டாலர் என்ற அந்த ஒரு எண் பத்துப் பக்க விளக்கத்துக்குச் சமம். 'கோட்பாட்டளவில் சாத்தியம்' என்று தட்டிக்கழிக்கும் கதவை அது மூடிவிட்டது.

ஆகவே எழுதும்போது முதல் வரியிலேயே யாருடைய எந்தத் தகவல், யாரிடம், என்ன செலவில் போகிறது என்று இருக்கட்டும். தலைப்பில் 'பிரைவசி பிரச்சினை' என்று போடாதீர்கள். 'உள்நுழையாத எவரும் எந்தக் கணக்கின் கைபேசி எண்ணையும் எடுக்கலாம்' என்று போடுங்கள். சோதனைக்கு நீங்களே திறந்த இரண்டு கணக்குகள் வேண்டும், ஒன்று தாக்குபவர், ஒன்று பாதிக்கப்படுபவர். ஆப்பின் பதிப்பு எண், போனின் ஓஎஸ், நேரமண்டலத்துடன் சோதித்த நேரம், அனுப்பிய கோரிக்கை, வந்த பதில் எல்லாம் அப்படியே. நேரம் ஏன் என்றால், அவர்கள் லாக்கில் தேடிப் பிடிப்பது அதை வைத்துத்தான். எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டினால் அடுத்தவர் பதிவு வருகிறது என்ற வகை ஓட்டையில், இரண்டாவது சோதனைக் கணக்கின் பதிவு வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். 'எவ்வளவு பேர் பாதிப்பு என்று காட்டத்தான்' என்று ஆயிரம் பேர் பதிவை இறக்கினால் பேச்சு ஓட்டையிலிருந்து உங்கள் மேல் திரும்பும். இந்தியாவில் அனுமதியின்றித் தரவை எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவில் இழப்பீட்டுக்கு உரியது. நேர்மையற்ற நோக்கம் என்று காட்டிவிட்டால் 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ண ஆய்வாளருக்கு என்று அங்கே தனி விலக்கு எழுதப்படவில்லை.

எங்கே அனுப்புவது? தளத்தின் முகவரியோடு, புள்ளி வெல்-நோன் என்ற ஃபோல்டரில் செக்யூரிட்டி டெக்ஸ்ட் என்ற கோப்பு (/.well-known/security.txt) இருக்கிறதா பாருங்கள். 2022-இல் தரமாக்கப்பட்ட ஏற்பாடு அது, தொடர்பு முகவரியும் காலாவதித் தேதியும் அதில் கட்டாயம். இல்லையென்றால், பதிலே வராவிட்டால், இந்தியாவில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடுவில் நின்று பேசும். கெடுவை முதல் மின்னஞ்சலிலேயே தேதியாகச் சொல்லிவிடுங்கள். பாதியில் கொண்டுவந்தால் மிரட்டலாகப் படும். ப்ராஜெக்ட் ஸீரோவுக்கு 90 நாள், அமெரிக்காவின் செர்ட் ஒருங்கிணைப்பு மையத்துக்கு 45, ஓட்டைகளை விலைக்கு வாங்கும் ஸீரோ டே இனிஷியேட்டிவுக்கு 120. எதையாவது ஒன்றைச் சுட்டினால் போதும். ஓட்டை கண்டவருக்குப் பரிசு தரும் பக் பவுண்டி தளம் வழியாகப் போனால் 'அனுப்பு' அழுத்தும் முன் வெளியீட்டு நிபந்தனையைப் படியுங்கள். பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், கம்பெனி சம்மதிக்கும்வரை வாய் திறக்கக்கூடாது என்று அங்கே இருக்கலாம். 'ஏற்கெனவே தெரியும்' என்று மூடினால் எந்தத் தேதியில் தெரியும் என்று கேளுங்கள். 'சரிசெய்துவிட்டோம்' என்று வந்தால் அன்றைக்கும், அடுத்த பதிப்பிலும் அதே படிகளை ஓட்டிப் பாருங்கள். ஸூமின் ஒட்டு பிய்ந்தது ஜூலை 7-இல் அப்படித்தான் தெரியவந்தது.

கடைசியாக வரும் அறிவிப்பில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "யாரும் தவறாகப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை." கூகுளின் சமூக வலைதளமாக இருந்த கூகுள் பிளஸின் ஓட்டையை 2018 மார்ச்சில் கூகுளே கண்டுபிடித்து அடைத்தது, அக்டோபர் வரை வெளியே சொல்லவில்லை. 5 லட்சம் கணக்குகள் வரை பாதிப்பு, 438 ஆப்கள் அந்த வழியைப் பயன்படுத்தியிருக்கலாம். ஆதாரம் இல்லை என்றார்கள். ஆப்கள் தகவல் கேட்கும் அந்த வழியின் (ஏபிஐ) லாக் இரண்டு வாரத்துக்கு மட்டுமே வைக்கப்பட்டிருந்தது, ஓட்டையோ பல ஆண்டுப் பழசு. ட்விட்டரில் 2021 ஜூனில் மாற்றிய நிரல் ஒன்று, மின்னஞ்சலையோ கைபேசி எண்ணையோ கொடுத்தால் அது எந்தக் கணக்கு என்று சொல்லிவிட்டது. 2022 ஜனவரியில் புகார் வந்தது, அடைத்தார்கள், 5,040 டாலர் கொடுத்தார்கள், அப்போது ஆதாரம் ஏதும் இல்லையாம். ஜூலையில் 54 லட்சம் கணக்குகளின் பட்டியல் விற்பனைக்கு வந்ததைப் பத்திரிகைச் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அந்த வரி உங்களுக்கு வரும் மின்னஞ்சலில் இருந்தால், லாக் எத்தனை நாளுக்கு இருக்கிறது, ஓட்டை எந்தப் பதிப்பிலிருந்து இருக்கிறது என்று இரண்டு தேதிகளைக் கேட்டு எழுதுங்கள்.