மேகம் செய்யுற ஃபேக்டரி

நாட்டிங்ஹாமிலிருந்து லண்டனுக்கு ரயிலில் போகும்போதெல்லாம் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் பார்க்வே வந்ததும் தலை தானாக ஜன்னல் பக்கம் திரும்பும். ராட்கிளிஃப் அனல்மின் நிலையத்தின் எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்கள். மகள் சின்ன வயசில் ‘மேகம் செய்யுற ஃபேக்டரி’ என்பாள். தப்பில்லை, கோபுரத்திலிருந்து வருவது நீராவிதான்; கரிப்புகைக்குப் பக்கத்திலேயே தனிப் புகைபோக்கி.

2024 செப்டம்பர் 30-ஓடு அதை நிறுத்திவிட்டார்கள். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம். 1882-இல் லண்டன் ஹோல்பர்னில் எடிசன் ஆட்கள் தொடங்கி வைத்த கதை. 2012-இல்கூட இங்கே சுமார் 40 சதவீத மின்சாரம் கரியில்தான் வந்தது. பன்னிரண்டே வருஷத்தில் பூஜ்யம்! கடலில் நட்ட காற்றாடிகளுக்கு இதில் பெரிய பங்கு. எரிவாயு இன்னும் எரிகிறது என்பதைத்தான் கொண்டாட்டத்தில் பலரும் விழுங்கிவிடுகிறார்கள்.

அடுத்த வாரம் அந்த வழியாகப் போனேன். கோபுரங்கள் அப்படியே நின்றன, மேலே வெறும் வானம்.